ஜப்பானில் உனாகிக் கடைக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலாங்கு மீனை மட்டுமே சமைத்துப் போடும் கடைகள் ஜப்பானில் ஊருக்கு ஊர் உண்டு. விலாங்குக்கு அங்கே உனாகி என்று பெயர்; கடை உனாகியா. சுஷி, ராமென் எல்லாம் பழகியவர்கள்கூட இங்கே முதல் தடவை தடுமாறுவார்கள். காரணம் பெரும்பாலும் நேரக்கணக்குதான். நாம் ஆர்டர் கொடுக்கும்போது மீன் தொட்டியில் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே உள்ள பாதிப் பதில்கள் தாமே விளங்கிவிடும்.

உனாகி என்பது நம் ஊர் விலாங்குதானா?

பங்காளி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆறு குளங்களில் கிடைக்கும் விலாங்குகளும் ஜப்பானிய விலாங்கும் ஒரே பேரினம், இனம் மட்டும் வேறு. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று நாம் வையும் அதே குடும்பம். ஜப்பானிய விலாங்கு மரியானா தீவுகளுக்கு மேற்கே நடுக்கடலில் முட்டையிடும். குஞ்சு கண்ணாடி இழைபோல நிறமில்லாமல் கரைக்கு வந்து, ஆற்றில் ஏறி, அங்கே வளரும்.

சுஷிக் கடையில் கிடைக்கும் அனாகோ வேறு மீன். அது கடல் விலாங்கு. கொழுப்பு குறைவு, சதை இலேசு. அனாகோ சாப்பிட்டுவிட்டு உனாகி சாப்பிட்டாயிற்று என்று கணக்கு வைக்க முடியாது.

ஆர்டர் கொடுத்து எவ்வளவு நேரம் ஆகும்?

ஆர்டர் வந்த பிறகே மீனை அறுக்கும் கடை என்றால் 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். தோக்கியோ பக்கம் ஆவியில் வேகவைக்கும் வேலையும் இருப்பதால் அதற்கு மேலும் போகும். அவசரப்படுத்தக் கூடாது. உனாகிக் கடையில் “இன்னும் ஆகவில்லையா?” என்று கேட்பது நாகரிகம் தெரியாதவன் வேலை என்பது அங்கே பழைய பேச்சு. கேட்டாலும் ஆவிப்பெட்டி சீக்கிரம் வேகவைக்கப் போவதில்லை.

அதனால் உட்கார்ந்தவுடன் முதலில் சொல்ல வேண்டியது முக்கிய உணவை. குடிக்க என்ன, கொறிக்க என்ன என்பதை அப்புறம் யோசிக்கலாம். நம்மவர்கள் செய்யும் தவறு இதற்கு நேர்மாறு: முதலில் பீர், பிறகு சின்னத் தட்டு ஒன்று, அது முடிந்ததும் சாவகாசமாக “சாப்பாடு?” என்பார்கள். அந்த நொடியில்தான் மீன் தொட்டியிலிருந்து வெளியே வரும். தட்டுகள் காலியான மேசையில் முக்கால் மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் வேறு கடை பாருங்கள். முன்பதிவு எடுக்கும் கடையாக இருந்தால், பதிவு செய்யும்போதே என்ன வேண்டும், எத்தனை பேருக்கு என்று சொல்லிவிடலாம். வந்து உட்காரும் நேரத்துக்குத் தோதாக அடுப்பில் ஏற்றுவார்கள்.

பத்து நிமிடத்தில் கொண்டுவந்து வைத்தால் கடை ஏமாற்றுகிறதா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். மதிய நெரிசலைத் தெரிந்து வைத்திருக்கும் நல்ல கடைகளே காலையில் மீனை அறுத்து, முதல் சூடு காட்டி, ஆவியில் வைத்து எடுத்துத் தயாராக வைத்திருக்கும். ஆர்டர் வந்ததும் சாற்றில் தோய்த்துச் சுடுவது மட்டும் பாக்கி. அதில் குறை ஒன்றும் இல்லை. ஐந்தே நிமிடத்தில் வந்து, ஓரமெல்லாம் ஒரே மாதிரி மினுங்கி, புகை வாசமே இல்லாமல் இருந்தால், அது பொட்டலத்தில் வந்ததைச் சூடுபண்ணியது என்று சந்தேகப்படலாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் சமையலறையில் என்னதான் நடக்கிறது?

வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பண்ணையிலிருந்து வந்த மீனை இரை போடாமல் ஓடும் நீரில் ஒரு நாளாவது வைத்திருப்பார்கள். குடல் காலியாகி, சேற்று வாடை போக வேண்டும். இந்தப் படியைச் சுருக்கினால் எந்தச் சாறும் வாடையை மறைக்காது.

பிறகு பலகையில் மீனை நீட்டி, தலையில் ஒரு ஊசியை அடித்து நிறுத்தி, ஒரே இழுப்பில் தலையிலிருந்து வால்வரை பிளக்க வேண்டும். குடலையும் முதுகெலும்பையும் எடுத்தால் நீளமான ஒரு பட்டை கிடைக்கும். அதில் குச்சி ஏற்றுவார்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவே குச்சி போக வேண்டும். மேலே ஏறினால் சதை பிளந்து வெளியே எட்டிப் பார்க்கும். கீழே இறங்கினால் தோல் கிழிந்து, மீன் அடுப்பில் விழும். “குச்சி ஏற்ற மூன்று வருஷம், பிளக்க எட்டு வருஷம், சுட ஆயுசு முழுக்க” என்பது அந்தத் தொழிலின் வழக்கு. பிளப்பதற்கு ஐந்து வருஷம் என்றும் சிலர் சொல்வதுண்டு. ஆயுசுக் கணக்கில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சுடுவதற்கு நல்ல கடைகள் பின்சோதான் என்னும் கெட்டிக் கரியை எரிக்கும். ஒருவகைக் கருவாலி மரத்திலிருந்து செய்யும் கரி. வக்காயாமா பகுதியுடையது பேர்போனது. புகையே இல்லாமல் நீண்ட நேரம் தணலாக நிற்கும். புகை வருவதெல்லாம் மீனிலிருந்துதான். உருகிய கொழுப்பு கரியில் சொட்டும்போது சர்ரென்று எழும் அந்தப் புகை சதையில் ஏற வேண்டும். கொழுப்பு தீப்பிடித்துச் சுவாலை கிளம்பினால் கரி படிந்துவிடும். சுடுபவர் கையில் விசிறி ஓயாமல் ஆடுவது இந்த இரண்டுக்கும் நடுவே சமாளிக்கத்தான். மற்றொரு கையால் குச்சிகளை அவ்வப்போது திருகி விடுவார். இல்லாவிட்டால் கடைசியில் உருவும்போது குச்சியோடு சதையும் வரும்.

சாறு கடைசியில்தான். தாரே என்று பெயர்; சோயா சாறு, மிரின் என்னும் இனிப்பு அரிசி மது, கடைக்குத் தக்கபடி சர்க்கரை அல்லது சாகே என்னும் அரிசி மது. சுட்ட மீனைச் சாற்றுச் சட்டியில் முக்கி, மறுபடி தணலில் காட்டி, மறுபடி முக்கி, மூன்று தடவை போல. முதலிலேயே முக்கினால் சர்க்கரை கருகி, உள்ளே வேகுமுன் வெளியே கசந்துவிடும். இப்படிச் சாறு பூசிச் சுட்டதுதான் கபயாகி.

கான்தோ முறை, கான்சாய் முறை என்கிறார்களே?

கிழக்கே தோக்கியோ வட்டாரம் கான்தோ; மேற்கே ஓசாகா, கியோத்தோ வட்டாரம் கான்சாய். ஒரே மீன் இரண்டு இடத்திலும் வேறு வேறு பண்டமாகிவிடும்.

கான்தோவில் முதுகுப் பக்கம் பிளந்து, தலையை வெட்டி, மூங்கில் குச்சி ஏற்றி, சாறில்லாமல் ஒரு சூடு காட்டி, ஆவியில் வைத்து, பிறகு சாற்றில் தோய்த்துச் சுடுவார்கள். ஆவியில் கொழுப்பு கொஞ்சம் இறங்கிவிடும்; பொடி முள்ளும் இளகும். சாப்பிடும்போது சதை நாக்கிலேயே கரையும். கான்சாயில் வயிற்றுப் பக்கம் பிளந்து, நீளமான இரும்புக் குச்சி ஏற்றி, ஆவி காட்டாமல் நேரே தணலில் சுடுவார்கள். தோல் மொறுமொறுப்பு, சதையில் கடிபதம், கொழுப்பு அப்படியே இருக்கும்.

முதுகில் பிளப்பதற்குச் சொல்லும் கதை பிரபலம்: தோக்கியோ சாமுராய் வீரர்களின் ஊர், வயிற்றைக் கிழிப்பது அவர்களுடைய தற்கொலை முறையை நினைவூட்டும் அபசகுனம் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. கைவேலை சொல்லும் காரணம் இன்னும் எளிது. வயிற்றுச் சதை மெலிது. வயிற்றில் பிளந்தால் அது இரண்டு ஓரங்களுக்கும் வந்துவிடும். ஆவியில் வெந்து இளகியதும் குச்சி அந்த ஓரங்களை அறுத்துக்கொண்டு நழுவும். முதுகில் பிளந்தால் ஓரங்களில் தடித்த சதை நிற்கும், குச்சி பிடிக்கும்.

எது மேல் என்று கேட்டால், முதல் தடவை சாப்பிடுபவருக்குக் கான்தோ முறையையே சொல்வோம். மீனின் முள்ளுக்கும் தோலுக்கும் பயப்படுகிறவரையும் அது வசப்படுத்திவிடும். கருவாட்டை மொறுக்க வறுத்துச் சாப்பிடும் நாக்கு என்றால் நேரே கான்சாய்க்குப் போகலாம்.

மெனுவில் உனாஜூ, உனாதோன் என்று இரண்டு இருக்கிறதே?

இரண்டும் சோற்றின்மேல் கபயாகி வைத்ததுதான். உனாதோன் கிண்ணத்தில் வரும். உனாஜூ மூடி போட்ட அரக்குப் பெட்டியில் வரும். பொதுவாக உனாஜூவில் மீன் அதிகம், விலையும் அதிகம். பெட்டியில் சோறு பரந்து இருப்பதால் ஒவ்வொரு வாய்க்கும் மீன் கிடைக்கும். கிண்ணத்தில் மேலே மீன் தீர்ந்து அடியில் சோறு மிஞ்சுவது உண்டு.

மாட்சு, தாகே, உமே என்பது தரமா?

பைன், மூங்கில், பிளம் என்று பொருள். பெரும்பாலான கடைகளில் இது மீனின் அளவைத்தான் குறிக்கும். உமேயில் அரை மீன், தாகேயில் முக்கால், மாட்சுவில் முழு மீன் என்பதுபோல. சில கடைகளில் மீனின் பருமன் மாறும். சில கடைகளில் கூட வரும் சூப்பும் பதார்த்தமும் மாறும். ஒரே தொட்டி மீன்தான், ஒரே ஆள்தான் சுடுகிறார். மலிவானதை வாங்கினால் மட்டமான மீன் வருமோ என்ற பயம் வேண்டாம். நாமி, ஜோ, தொகுஜோ என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான்: சாதா, மேல், மிக மேல்.

பண்ணை மீன் ஒன்று ஏறக்குறைய 200 முதல் 300 கிராம் இருக்கும். மதியத்துக்கு முக்கால் மீன் ஒருவருக்குத் தாராளம். கொழுப்பு மிகுந்த மீன்; பசிக்கு ஆசைப்பட்டு மாட்சு கேட்டால் கடைசிக் கால்பங்கு திகட்டலாம்.

காத்திருக்கும்போது என்ன கேட்கலாம்?

ஊறுகாய்த் தட்டும் சாகேவும்தான் வழக்கம். ஊறுகாய் என்றால் நம் காரம் எதிர்பார்க்க வேண்டாம். உப்பிலும் தவிட்டிலும் ஊறிய காய்கறித் துண்டுகள். மற்றவை:

உஸாகு: வெள்ளரிக்காயும் சுட்ட விலாங்கும் வினிகரில். உமாகி: முட்டைச் சுருளின் நடுவே கபயாகி. இரண்டும் ஓரளவு சீக்கிரம் வரும். ஹோனே சென்பே: எடுத்த முதுகெலும்பை மொறுக்கப் பொரித்தது. அப்பளம்போல நொறுக்கலாம்.

கிமோயாகி: ஈரலும் உள்ளுறுப்புகளும் குச்சியில் சுட்டது. கசப்பு ஏறிய ருசி. பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஒரு மீனில் ஒரு ஈரல்தானே? ஒரு குச்சி நிரப்ப நாலைந்து மீன் வேண்டும். அதனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். வேண்டுமென்றால் உட்கார்ந்தவுடன் கேளுங்கள்.

ஷிராயாகி: சாறே தொடாமல் சுட்ட விலாங்கு. உப்பு அல்லது வசாபி என்னும் காரப் பச்சை விழுதும் சோயா சாறும் தொட்டுச் சாப்பிடுவது. மீனின் சொந்த ருசி தெரிய வேண்டுமானால் இதுதான். இரண்டு பேர் போனால் ஒரு ஷிராயாகியைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு உனாஜூவைச் சின்ன அளவில் வாங்குவது நல்ல கணக்கு.

கிமோசுய் தெளிந்த சூப். அடியில் கிடக்கும் சின்ன முடிச்சு மீனின் வயிற்றுப்பகுதி, அதையும் சாப்பிடலாம். பல கடைகளில் உனாஜூவோடு சேர்ந்து வரும், சில கடைகளில் தனிக்காசு.

உனாஜூவை எப்படிச் சாப்பிட வேண்டும்?

மூடியை எடுத்து ஓரமாக வையுங்கள். மீன் தோல் கீழே, சதை மேலே இருக்கும்படிதான் வரும், புரட்ட வேண்டாம். உங்கள் பக்கத்து இடது மூலையிலிருந்து தொடங்கி, சாப்பிடும் குச்சியால் மீனை ஒரு வாய் அளவுக்கு வெட்டி, அடியில் இருக்கும் சோற்றோடு சேர்த்து எடுங்கள். நம் பழக்கத்தில் பிசையத் தோன்றும். பிசைந்தால் சதை உதிர்ந்து, தோல் தனியாகச் சுருண்டு கிடக்கும். கான்தோ மீன் குச்சியிலேயே உடையும் அளவுக்கு மிருதுவானது. அடியிலிருந்து தாங்கி எடுக்க வேண்டும்.

சூப்புக் கிண்ணத்தின் மூடி சில சமயம் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தின் இரு பக்கத்தையும் விரலால் இலேசாக அழுத்தினால் காற்றுப் புகுந்து கழன்றுவிடும். இழுத்துப் பறித்தால் சூடான சூப்பு மடியில்.

மேசைமேல் இருக்கும் பச்சைப் பொடி?

சான்ஷோ. மிளகுபோல் நினைப்பார்கள், உண்மையில் எலுமிச்சைக் குடும்பம். கொங்கணக் கரையில் மீன் குழம்புக்குப் போடும் திர்ஃபல் இதற்கு நெருங்கிய உறவு. நாக்கு நுனி சற்று மரக்கும், எலுமிச்சைத் தோல் வாசம் எழும், கொழுப்பின் திகட்டலை அறுக்கும். முதல் இரண்டு வாய் இல்லாமல் சாப்பிடுங்கள். பிறகு அடுத்து எடுக்கப்போகும் பகுதியில் மட்டும் ஒரு சிட்டிகை. பெட்டி முழுக்க ஒரேயடியாகத் தூவினால் சூட்டில் வாசம் பறந்து மரப்பு மட்டும் மிஞ்சும். மீனைத் தூக்கிச் சோற்றின்மேல் தூவுகிறவர்களும் உண்டு; சாற்றின் மணம் கெடாது என்பது அவர்கள் வாதம்.

நகோயாவில் ஹிட்சுமாபுஷி என்று மரத்தொட்டியில் வருகிறதே, அது எப்படி?

மொறுக்கச் சுட்ட விலாங்கை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, மூடிபோட்ட சின்ன மரத்தொட்டியில் சோற்றின்மேல் பரப்பித் தருவார்கள். கூட ஒரு வெற்றுக் கிண்ணம், மர அகப்பை, நறுக்கிய வெங்காயத்தாள், வசாபி, கடற்பாசித் தாள், ஒரு சின்னக் கூஜாவில் சூடான தாஷி என்னும் சூப்பு அல்லது தேநீர்.

அகப்பையால் தொட்டிச் சோற்றைக் கூட்டல் குறிபோலக் கீறி நான்கு பங்காக்குங்கள். முதல் பங்கைக் கிண்ணத்தில் எடுத்து அப்படியே சாப்பிடுங்கள். இரண்டாவதில் வெங்காயத்தாள், வசாபி, பாசி சேர்த்து. மூன்றாவதில் அவற்றோடு தாஷியை ஊற்றி, கஞ்சிபோலக் குடித்துச் சாப்பிடுங்கள். நான்காவது, இந்த மூன்றில் எது பிடித்ததோ அது.

அடிக்கடி நடக்கும் விபத்து: தாஷியை நேரே தொட்டியில் கவிழ்ப்பது. மொத்தமும் ஊறி, சுட்ட மொறுமொறுப்பு போய், மீதிப் பங்குகளுக்கு வழியில்லாமல் ஆகிவிடும். எப்போதும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டே ஊற்றுங்கள். இந்த உணவோடு பெயர் பின்னிப் பிணைந்த கடை நகோயாவின் அட்சுதா ஹொராய்கென், 1873-இல் தொடங்கியது. கூட்டம் அதற்கேற்றாற்போல் இருக்கும்.

தெற்கே ஃபுகுஓகா மாநிலத்தின் யானாகாவா ஊரில் இன்னொரு முறை: சேய்ரோமுஷி. சோற்றிலேயே சாற்றைக் கலந்து, மேலே கபயாகியும் முட்டை இழைகளும் வைத்து, பெட்டியோடு ஆவியில் ஏற்றுவார்கள். கடைசி வாய்வரை சுடச்சுட இருக்கும். பெட்டியைத் தொடுமுன் பார்த்துத் தொடுங்கள்.

நூறு வருஷத்துச் சாறு என்கிறார்களே, உண்மையா?

சட்டியைக் காலி செய்வதில்லை. குறையக் குறையப் புதுச்சாறு சேர்க்கிறார்கள். நம் வீட்டு உறைமோர் மாதிரி தொடர்ச்சி இருக்கிறது. ஆனால் தினமும் எடுத்துத் தினமும் ஊற்றும் சட்டியில் நூறு வருஷத்துக்கு முந்தைய துளி எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. சாற்றின் ருசி ஏறுவதற்குக் காரணம், நாள்தோறும் அதில் முங்கும் மீன்கள் விட்டுச்செல்லும் கொழுப்பும் புகையும். அதிகம் விற்கும் கடையின் சாறு, வயதில் சின்னதானாலும், ஆழமாக இருக்கும். உப்பும் சர்க்கரையும் மிகுதி, சூடான மீன் வேறு ஓயாமல் முங்குகிறது, அதனால் கெடுவதில்லை.

விலாங்கைப் பச்சையாக சஷிமி போடுவதில்லையே, ஏன்?

அதன் இரத்தத்தில் நஞ்சு இருக்கிறது. சூட்டில் அது செயலிழந்துவிடும். சுட்ட மீனில் பயமில்லை. வீட்டில் உயிர் விலாங்கு அறுக்கப் பார்ப்பவர்கள் கண்ணிலும் வெட்டுக்காயத்திலும் இரத்தம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

ஜூலைக் கடைசி வாக்கில் எருது நாள் ஒன்று வரும். தோயோ நோ உஷி நோ ஹி. அன்று விலாங்கு சாப்பிட்டால் கோடையின் சோர்வு அண்டாது என்பது நம்பிக்கை. 18-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஹிராகா கென்னாய், வியாபாரம் படுத்துக்கிடந்த ஒரு கடைக்காரருக்கு “இன்று எருது நாள்” என்று பலகை எழுதிவைக்கச் சொன்னதில் தொடங்கியதாகக் கதை. உண்மையோ பொய்யோ, விளம்பரம் இன்றுவரை வேலை செய்கிறது. சில வருஷம் எருது நாள் இரண்டு தடவை வரும்.

அந்த நாளில் போகாதீர்கள். வரிசை மணிக்கணக்கில் நிற்கும், அடுப்பு திணறும், மதியத்துக்குள் மீன் தீர்ந்த கடைகள் கதவைச் சாத்தும். ஆற்று விலாங்கு கொழுப்பேறி நன்றாக இருப்பது இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலத் தொடக்கம்வரை. பண்ணை மீனோ வருஷம் முழுக்கக் கிடைக்கும். சாதாரண வாரநாளில், கடை திறப்பதற்குக் கால்மணி நேரம் முன்னால் போய் நிற்பதே நல்ல சமயம்.

விலை எவ்வளவு? ஏன் இவ்வளவு?

நல்ல கடையில் ஒரு உனாஜூ பெரும்பாலும் 4,000 முதல் 7,000 யென். டிப்ஸ் கிடையாது, கொடுத்தால் திருப்பித் தர ஓடிவருவார்கள். பழைய சின்னக் கடைகள் சில அட்டை வாங்காது, ரொக்கம் வைத்திருங்கள்.

விலையின் வேர் குஞ்சில் இருக்கிறது. சந்தையில் உள்ள பண்ணை விலாங்கும் ஏறக்குறைய எல்லாமே கடலிலிருந்து பிடித்த குஞ்சை வளர்த்ததுதான். குளிர்காலத்தில் கழிமுகங்களில் வலைபோட்டு அந்தக் கண்ணாடிக் குஞ்சுகளைப் பிடிப்பார்கள். பிடிபாடு குறைந்த வருஷம் விலை எகிறும். ஆய்வுக்கூடத்தில் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டைவரை வளர்த்துக் காட்டியது 2010-இல். அதை மலிவாகச் செய்வது இன்னும் கடினமான காரியம்.

மெனுவில் கொக்குசான் என்றிருந்தால் உள்நாட்டு மீன். காகோஷிமா, ஐச்சி, மியாசாகி மாநிலப் பண்ணைகள் பெரியவை. உள்நாட்டு மீன் என்றால் ஆற்றில் பிடித்தது என்று அர்த்தமில்லை. வளர்ந்த காலத்தில் அதிகப் பங்கு ஜப்பானில் கழிந்திருந்தால் அந்தப் பெயர் பெறும். ஆற்று விலாங்குக்குத் தென்னென் என்று பெயர். விற்பனையில் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. விலையும் அதற்கேற்ப. ருசியில் ஒவ்வொரு மீனும் வேறு வேறு. முதல் தடவைக்குத் தேவையில்லை.

அழிந்துவரும் மீன் என்கிறார்கள். சாப்பிடலாமா?

ஜப்பானிய விலாங்கை உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2014-இல் அழிவுக்கு உள்ளாகும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய விலாங்கின் நிலை அதைவிட மோசம். பண்ணை மீன் என்பதால் ஆற்றுக்குச் சுமையில்லை என்ற சமாதானம் செல்லாது. குஞ்சு இயற்கையிலிருந்துதான் வருகிறது. எங்கள் கருத்து இது: எப்போதாவது, ஆர்டருக்கு ஏற்ப மீனை அறுத்து எலும்பும் ஈரலும் வீணாக்காத கடையில் சாப்பிடுங்கள். பேரங்காடியில் மலிந்து குவிந்து, மாலையில் பாதிவிலை ஒட்டிய பொட்டலங்களை விட்டுவிடுங்கள்.

சைவர்கள், மது தவிர்ப்பவர்கள், கர்ப்பிணிகள் என்ன செய்வது?

சைவர்களுக்கு இந்தக் கடையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சாறு ஊற்றிய சோறு மட்டும் கேட்டாலும் அந்தச் சாற்றில் மீன் கொழுப்பு இருக்கிறது. துணைக்கு வருபவர் வேறெங்காவது சாப்பிட்டுவிட்டு வருவதே மேல். மது தவிர்ப்பவர்களுக்கு: சாற்றில் மிரின் இருக்கும், பெரும்பாலும் சாகேயும். உப்புப் போட்ட ஷிராயாகி ஒரு வழி. அதிலும் சாகே தெளித்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சோயா சாற்றில் கோதுமை உண்டு.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது வைட்டமின் ஏ. 100 கிராம் கபயாகியில் ஏறக்குறைய 1,500 மைக்ரோகிராம், ஈரலில் 4,400. ஜப்பானில் பெரியவர்களுக்குச் சொல்லும் ஒருநாள் உச்சவரம்பு 2,700. முக்கியமாக முதல் மாதங்களில் கிமோயாகி வேண்டாம். கபயாகி எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்த மீன் நன்றாகச் செய்ததா என்று எப்படித் தெரியும்?

தோலைப் பாருங்கள். கான்தோ முறையில் தோல் சதையோடு சேர்ந்து எளிதாக அறுபட வேண்டும். ரப்பர்போல இழுபட்டால் தோல் பக்கம் போதுமான சூடு காட்டவில்லை, அல்லது மீன் முற்றியது. நிறம் பளபளக்கும் பழுப்பு. ஓரத்தில் அங்கங்கே கறுப்பு இருக்கலாம், பரப்பெல்லாம் கறுத்திருக்கக் கூடாது. நாக்கில் முள் குத்தினால் மீன் பெரியது, சூடு போதவில்லை. சதை கூழாகி உருவமே இல்லையென்றால் ஆவியில் அதிகம் நின்றுவிட்டது.

சோற்றையும் பாருங்கள். சற்று விறைப்பாக வடித்த சோறு, சாறு அங்கங்கே படிந்து, சில இடம் வெள்ளையாகவே இருப்பது நல்லது. பெட்டியின் அடியில் சாறு தேங்கி நின்றால் மீனின் குறையை இனிப்பால் மூடப் பார்க்கிறார்கள். சேற்று வாடை வந்தால் பேசவே வேண்டியதில்லை.

மிச்சத்தைக் கட்டித் தருவார்களா?

சாப்பிட்டு மிஞ்சியதைக் கட்டுவது அங்கே வழக்கமில்லை; பல கடைகள் மறுக்கும். அளவாக வாங்குங்கள். எடுத்துப்போக என்றே பெட்டிச் சாப்பாடு விற்கும் கடைகள் நிறைய. அதை அன்றைக்கே சாப்பிட வேண்டும்.

தங்கும் அறையில் ஆறிப்போனால் மீனையும் சோற்றையும் பிரியுங்கள். மீன்மேல் அரைத் தேக்கரண்டி சாகே அல்லது தண்ணீர் தெளித்து, மூடி, மைக்ரோவேவில் 30 விநாடி. சோறு தனியே ஒரு நிமிடம். சேர்த்துவைத்து ஒரேயடியாகச் சுடவைத்தால் சோறு சூடாகுமுன் மீன் வறண்டு தோல் சுருண்டுவிடும். பெட்டியோடு கொடுத்த சான்ஷோப் பொட்டலத்தைச் சுடவைத்த பிறகே பிரியுங்கள்.